ஸ்டுடியோ கேமராவும் பாறைமேல் உன் அப்பாவும்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை உன் அப்பாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். "தாரணி ஊட்ல இருந்து எல்லாரும் வருவாங்கம்மா. அதுக்குள்ள அந்தக் கேமராவையெல்லாம் ஹால்ல இருந்து எடுத்து எங்கியாச்சும் ஓரமா வெச்சுருங்க. காயலான் கடையாட்டம் இருக்குது." அவர் சிரித்தார். நம் ஹாலில் இருப்பவை ஏழு. எல்லாம் ஒரு காலத்தில் தொலைக்காட்சி நிலையங்களின் ஸ்டுடியோவில் நின்று, செய்தி வாசித்தவர்களையும் கச்சேரி செய்தவர்களையும் படம் பிடித்தவை. சக்கரம் வைத்த பீடத்தின் மேல் ஆள் உயரத்துக்கு நிற்பவை. ஒன்றைத் தூக்க நாலு பேர் வேண்டும். அவற்றை ஓரமாக வைத்தால் நானும் உன் அப்பாவும் வாசலில்தான் படுக்க வேண்டும். அதனால் கேமராக்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கும், வருகிறவர்கள் பார்க்கட்டும். தாரணி முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது அவற்றில் ஒன்றின் முன்னால் நின்று, "இது இப்பவும் ஓடுமாங்க அத்தை?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நீ, "அம்மாவுக்கு அது ஒரு பொழுதுபோக்கு" என்று சொல்லி அவளைச் சமையலறைப் பக்கம் கூட்டிப் போய்விட்டாய். அவள் கேட்டது நல்ல கேள்வி. நீ சொன்னது பாதி பதில்.

அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உனக்கு வேலை போய்விட்டது. இரண்டு மாதமாவது இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களிடம் சொல்லவில்லை, போகட்டும். தாரணியிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவள் என்னிடம், "அவருக்கு ஆபீஸ்ல ரொம்ப வேலைங்க அத்தை, பேசவே நேரம் கிடைக்கறதில்ல" என்றாள். அந்தப் பெண் உன்னை முழுசாக நம்பிக்கொண்டிருக்கிறாள். தையில் கல்யாணம். பத்திரிகைக்கு மாதிரிகூடப் பார்த்தாகிவிட்டது. என்னைக் கேட்டால் வேலை போனது ஒரு விஷயமே இல்லை. உன் படிப்புக்கும் கைக்கும் இன்னொன்று வரும், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அவளிடம் சொல்லாமல் மணவறையில் போய் உட்காரப்போகிறாயா என்பதுதான் எனக்கு விஷயம். எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், நம் வீட்டு முதல் கேமரா எனக்குக் காட்டிய முதல் படம் எது என்று உனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. தேயிலை விலை விழுந்து மலையே முடங்கிக் கிடந்த காலம். பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை, பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் பறிக்காமலே விட்டார்கள். பறிக்காத தேயிலை இடுப்புக்கு மேலே வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தது. வாரம் ஆறு நாள் ஓடிய ஃபேக்டரிகள் இரண்டு நாள் ஓடின. உன் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டீ மேக்கர். பறித்த இலையின் வாடல் எவ்வளவு, எப்போது அரைக்க வேண்டும், எந்தச் சூட்டில் உலர்த்த வேண்டும் என்பதையெல்லாம் மூக்கை வைத்தே முடிவு செய்கிற மனுஷர். நான் குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே அந்த ஒற்றை ஷட்டர் கடையில் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்தபோது என் அப்பா, உன் அப்பிச்சி, பொம்பளைப் பிள்ளை கையில் சோல்டரிங் எதற்கு என்று ஒரு வாரம் முனகினார். அந்தக் கைதான் அந்த வருஷங்களில் நம் மூன்று பேருக்கும் சோறு போட்டது. ஆனால் எனக்கும் தொழில் படுத்துவிட்டது. டிவியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், சரிசெய்து வைப்பேன், எடுத்துப் போக வரமாட்டார்கள். கடையில் கால் வைக்க இடமில்லாமல் ஓடுகிற டிவிகளாக நிறைந்து கிடந்தன.

அந்த நேரத்தில்தான் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தேடி மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். உடைந்த கட்டில்களுக்கும் ஏர்கூலர்களுக்கும் நடுவில் அது ஒருக்களித்துக் கிடந்தது. சாம்பல் நிறம், முகத்தில் ஒரு கைப்பிள்ளை நீளத்துக்கு லென்ஸ். கடைக்காரர் சொன்னார், "அது ஏதோ எக்ஸ்ரே மெசினுங்க அக்கா. ஒயர்ல நல்ல செம்பு இருந்துச்சு, வெட்டி எடுத்துட்டேன். மிச்சத்த உடைச்சு அலுமினியத்துக்குப் போடணும்." குனிந்து லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன். தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளே இருபது வருஷம் தலையை விட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பெட்டிக்குள் வருகிற படம் புறப்படுகிற இடத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு வைத்திருந்ததால், நம் வீட்டு கலர் டிவியைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தேன். ஆமாம், நீ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த டிவிதான். மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. உன் அப்பா மட்டும், "கடையில அத்தன டிவி கெடக்குது, ஊட்டு டிவியத்தான் குடுக்கணுமா?" என்று கேட்டார். கடையில் இருப்பவை ஊரார் பொருள் என்றேன்.

வீட்டில் இடமில்லை என்று அதைக் கடைக்கு மேலே இருந்த அறையில் ஏற்றினோம். அதற்குப் பின் பக்கம் ஒரு ஜன்னல், ஓடைக்கு எதிர்ச்சரிவைப் பார்த்தபடி. கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் மேலே போனேன். அந்த நேரமும் நிறையவே இருந்தது. கேமராவையும் அதோடு கிடைத்த, அதை இயக்குகிற பெட்டியையும் இணைக்கிற வடத்தில் நாற்பதுக்கு மேல் கம்பிகள், வெட்டிய இடத்தில் பாதிக்கு நிறமே மங்கிவிட்டது. ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துத் தேடி, ஒவ்வொன்றாக ஒட்டினேன். காய்ந்துபோன கண்டன்சர்களை எல்லாம் மாற்றினேன். லென்ஸைத் திறந்தால் உள்ளே பூஞ்சை, சிலந்தி நூல் ஓடியது போல. நம் ஊர் மேகம் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும், கண்ணாடி கண்டால் குடியேறிவிடும். பழைய கருவிக்கு முதல் நாளே கரன்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளே எங்கேயாவது கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி தப்பிக்கும். எட்டு தடவை பல்பு எரிந்தது. ஒன்பதாவது தடவை மங்கி அணைந்தது. உள்ளே எல்லாம் சரி என்று அர்த்தம். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்தக் கேமராவின் உயிர் ஒரு கண்ணாடிக் குழலில் இருக்கிறது. கை நீளம்கூட இல்லாத குழல். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் அதன் முகத்தில் விழுந்து படமாகும். அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. நடந்து போகிறவர், ஓடுகிற பஸ், பறக்கிற காகம் என்று அசைகிற எதுவானாலும் பின்னால் புகை மாதிரி இழுத்துப் பூசிவிடும். அசையாமல் இருப்பதைத்தான் துல்லியமாகக் காட்டும். இன்னொன்று, வெளிச்சமான காட்சி ஒன்றை அசைக்காமல் நெடுநேரம் பார்க்கவிட்டால் அது குழலின் முகத்தில் பதிந்துவிடும். பதிந்தால் போகாது. அதனால்தான் ஸ்டுடியோக்களில் வேலை முடிந்ததும் முதல் காரியமாக லென்ஸை மூடிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முதல் படம் ஒரு காலை பதினொரு மணிக்கு வந்தது. கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தேன். அதோடு இணைத்திருந்த டிவித் திரையில் முதலில் வெறும் பால், பிறகு எதிர்ச்சரிவு மெல்ல ஏறி வந்தது. பறிக்காமல் விட்ட தேயிலை, சில்வர் ஓக் மரங்கள், மேலே வரப்போடு யாரோ நடந்து போனதால் ஒரு வெள்ளைப் புகை. அந்தத் தோட்டத்தில் வேலை நின்று மாதக்கணக்காகியிருந்தது. ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத இடம். லென்ஸை நீட்டி அருகில் இழுத்தேன். உச்சியில் ஒரு பாறை, அதன் மேல் வானத்தைப் பின்னால் வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்த எல்லாவற்றையும்விட அவர்தான் கூர்மையாகத் தெரிந்தார், அவ்வளவு அசையாமல் இருந்தார். பக்கத்தில் ஒரு டிபன் கேரியர். மூடிக்குக் கைப்பிடி உடைந்து நான் கம்பி கட்டிய கேரியர். காலை ஆறு மணிக்கு அதில் சோறும் பருப்பும் போட்டு, கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அனுப்பி வைத்த மனுஷர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஃபேக்டரியை மூடிவிட்டார்கள் என்பது எனக்குப் புரிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பஸ் ஏறி, இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்திருக்கிறார். நம் வீட்டிலிருந்து தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தவர், கடை மாடியின் பின் ஜன்னலை மறந்துவிட்டார். வெறும் கண்ணுக்கு அவர் ஒரு புள்ளி. ஜன்னலைத் திறந்து உரக்கக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், அவ்வளவு தூரம்தான். நான் கூப்பிடவில்லை, கண்ணு. இதுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. அன்று கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. பத்து நாள் பார்த்தேன். தினமும் பதினொரு மணிக்கு மேலே போய் கேமராவைப் போட்டு, பாறை மேல் திருப்பி, அவர் எழுந்து போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குக் கேரியரைத் திறப்பார். சாப்பிட்டு ஓடைக்குப் போய் அதைக் கழுவுவார், அப்போது மட்டும் புகையாவார். பிறகு மறுபடியும் அதே பாறை, அதே கூன். குழலைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வருவார். "இன்னிக்கு ஃபேக்டரில எப்படிங்க?" என்று கேட்பேன். "எல கம்மி புள்ள. வாடலும் சரியில்ல, மழைக்காத்து" என்பார். அன்றன்று அரைத்த டீயில் ஒரு பொட்டலம் கொண்டுவருவது அவர் வழக்கம். அந்தப் பத்து நாளும் கொண்டுவந்தார். ஏதோ மளிகைக் கடையில் வாங்கிய தூள். டீயில் எனக்கு அ, ஆ தெரியாது; எனக்கே அது தெரிந்தது. போட்டுக் கொடுத்தேன். அவரும் குடித்துவிட்டு, "பரவால்லியே" என்றார். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவர் மானத்தைக் காப்பாற்றினேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குக் கோபம். என்னிடம் மறைக்கிற அளவுக்கு நான் என்ன வேற்று ஆளா என்ற கோபம். அவராகவே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பேசுவதைவிடப் பார்ப்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது. திரையில் இருக்கிற மனுஷருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவர் தோளில் கை வைக்க வேண்டியதில்லை.

பத்தாவது நாள் லென்ஸில் ஒரு குறை தெரிந்தது. அதைப் பார்ப்பதற்காகக் கேமராவை ஜன்னலிலிருந்து திருப்பி, அறையின் வெள்ளைச் சுவரைக் காட்டினேன். திரையில், அந்தச் சுவர்மேல் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். வானம் இருந்த இடமெல்லாம் கறுத்து, அவரும் பாறையும் வெளுத்து, அப்படியே. கேமராவை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். அலமாரி மேல் இருந்தார், கதவு மேல் இருந்தார், கூரை மேல் இருந்தார். நல்ல குழல் அது ஒன்றுதான், எங்கே தேடினாலும் இன்னொன்று கிடைக்காது, பாழாகிவிட்டது. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. ஒரு மனுஷர் கண்ணாடியில் பதிகிற அளவுக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறார், நான் பதிகிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன் என்பது மட்டும்தான் உறைத்தது. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ஓடையைத் தாண்டி ஏறினேன். செருப்பு அறுந்துவிட்டது, கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

அவர் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "ஏம்புள்ள, கடைய யாரு பாக்கறா?" என்று கேட்டார்.

"பூட்டிட்டு வந்துட்டனுங்க. சோறு உண்டீங்களா?"

"இன்னும் இல்ல." கேரியரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "பத்து நாளாச்சுங்க. மேல கேமராவுல தெரிஞ்சுது" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். "பத்து நாளா பாத்துட்டேவா இருந்தே?" என்றார். "ஒரு நாளாச்சும் வந்திருக்கலாமில்ல. ஒத்தையில ஒக்காந்திருந்தேன்."

கேரியரைத் திறந்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உன் மூஞ்சி மாறும். அதப் பாக்க வேண்டாம்னுதான்" என்றார். மறைக்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்பார்கள். கடைசியில் அந்த அடுத்தவர்தான் மளிகைக் கடைத் தூளை டீ என்று போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். நானாவது கண்டுபிடித்து, கோபப்பட்டு, பிறகு மலை ஏறினேன். தாரணிக்கு அப்படி ஒரு ஜன்னல்கூட இல்லை. அவள் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, பேசுவதற்கு நேரமில்லாத ஒரு ஆளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்று மாலை அவரை மாடிக்குக் கூட்டிப்போய்த் திரையில் அந்தச் சுவரைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "எனக்குக் கூனு விழுந்துருச்சு போலிருக்கே" என்றார். பிறகு லென்ஸைக் கழற்றச் சொல்லி முகர்ந்து பார்த்தார். அவர் எதையும் முகர்ந்துதான் பார்ப்பார். "ஈரம். பூசணம் புடிக்காம என்ன செய்யும்? டீயில போட்டு வை" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. நன்றாக உலர்த்திய டீ பக்கத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும், அதனால்தான் அதை அவ்வளவு பத்திரமாக மூடி வைக்கிறார்கள். விலை போகாத தூளைப் பழைய பலகைப் பெட்டியில் கொட்டி, நடுவில் துணி சுற்றிய லென்ஸை வைத்து மூடினார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தூளை வெளியே எடுத்து இரும்புச் சட்டியில் சூடு காட்டி, மறுபடியும் பெட்டியில் போட்டார். எட்டு மாதம் கழித்து வேறு ஃபேக்டரியில் வேலை கிடைக்கும் வரை அதுதான் அவர் உத்தியோகம். நம் ஏழு கேமராக்களின் லென்ஸ்களிலும் இன்றைக்குப் பூஞ்சை கிடையாது. ஆனால் டீ மேக்கர் அல்லவா, டீயைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. பம்பாயிலிருந்து பழைய கேமரா சேர்க்கிற ஒரு பெரியவர் நம் கேமராக்களைப் பார்க்க வந்தபோது, ஆறு மாதம் லென்ஸோடு குடித்தனம் நடத்திய தூளில் டீ போட்டுக் கொடுத்துவிட்டார். டீ ஈரத்தை மட்டுமல்ல, வாசனையையும் குடிக்கும். அந்த மனுஷர் ஒரு வாய் குடித்துவிட்டு, இது மிஷின் எண்ணெயில் செய்கிற மலைநாட்டு விசேஷமா என்று மரியாதையாக விசாரித்தார்.

பிறகு நல்ல குழல்கள் எனக்குக் கிடைத்தன. ஒவ்வொரு ஊரிலும் ஸ்டுடியோக்கள் பழசைக் கழித்துக்கட்டியபோது தேடிப் போய் வாங்கினேன். மற்ற ஆறு கேமராக்களும் அப்படி வந்தவைதான். ஆனால் முதல் கேமராவின் குழலை மட்டும் நான் மாற்றவில்லை. பத்து வயதில் நீ அதைப் பார்த்துவிட்டு, "அதுல யாரோ ஒக்காந்திருக்காங்கம்மா" என்றாய். கண்ணாடியில் கீறல் என்று சொல்லிவிட்டேன். அது கீறல் இல்லை, உன் அப்பா. கேமராக்களைப் பார்க்க வருகிற பிள்ளைகள், ஏன் மாற்றவில்லை என்று கேட்பார்கள். ஓடுகிற வரை ஓடட்டும் என்பேன். எனக்கு அது ஒரு புத்தி. கல்யாணமாகி இருபது முப்பது வருஷம் ஆனவர்களும் ஒருவரை ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிடுவார்கள், அது அன்பு என்றும் நினைத்துக்கொள்வார்கள்.

இனி, உன் விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நீ வேலை நாளில் பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு, "ஆபீஸ் கேன்டீன்ல இருக்கேம்மா" என்பாய். பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்கி வைத்திருப்பாய். கெட்டிக்காரன்தான். ஆனால் படத்தைப் பார்த்தே வயிறு வளர்த்தவள் நான். ஆபீஸ் என்றால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழும், மூக்குக்குக் கீழே நிழல் இருக்கும். உன் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது, கொஞ்சம் கீழேயிருந்தும். பக்கத்து வீட்டு வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியில் பட்டு உன் அறை ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் முகத்தில் அதைத்தான் பார்க்கிறேன். பின்னணியை மங்கலாக்கலாம் கண்ணு, மூக்கு நிழலை மங்கலாக்க வழியில்லை. மூன்றாவது தடவை பார்த்தபோது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வாரம், நீ கூப்பிடும்போதெல்லாம் "வேலை எப்படி?" என்று கேட்டேன். நீயும் ஏதோ மீட்டிங் கதை சொன்னாய்.

முந்தாநாள்தான் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆறு வாரமாவா?" என்றார். "மறுக்காவும் பாத்துட்டேதான் இருந்தியா புள்ள?"

அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கும்போது நினைத்தது வேறு. தாரணியிடம் எப்படிச் சொல்வது என்று யோசனை சொல்ல வந்தேன். முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று நான் கருவிகளுக்குச் செய்வது போலச் செய்யாதே. மனுஷர்களுக்கு நடுவில் பல்பு மாட்ட முடியாது, முழுசாக ஒரே தடவையில் சொல். போனில் சொல்லாதே, நேரில் போ. அவள் கோபப்பட்டால் படட்டும், கோபத்துக்கு நேரம் கொடு. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று அவள் சொன்னால் தள்ளி வைப்போம், மண்டபக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேண்டாம் என்றே சொல்லிவிட்டால் அதுவும் அவள் உரிமை, நாம் தாங்கிக்கொள்வோம். ஆனால் அவள் அப்படிச் சொல்ல மாட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய கேமராவைப் பார்த்ததும் என்ன விலை என்று கேட்காமல், ஓடுமா என்று கேட்டவள் அவள். அவளுக்காக அவளிடம் நான் சொல்ல மாட்டேன். அது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இதையெல்லாம் எழுதி மடித்து, கவரில் உன் பெங்களூர் விலாசத்தையும் எழுதி, தபால் பெட்டி வரை போனேன். போடக் கை வரவில்லை. போட்டுவிட்டால் நான் மறுபடியும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவள்தான். நாலு நாள் கழித்து நீ படித்தாயா, முகம் எப்படி மாறியது என்று போன் திரையில் தேடிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். முட்டி வலியோடு எழுந்து புளிசாதம் கிளறிக் கட்டிக் கொடுத்தார். "அவன ஒண்ணும் கேக்காத. மொதல்ல சோறு போடு" என்றார். மைசூர் வழியாகப் போகிற காலை பஸ்ஸில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

நேரில் வாய் திறந்தால் நீ நடுவில் புகுந்து ஏதாவது சமாளிப்பாய், நானும் அழுதுவிடுவேன். அதனால் இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். நீ இதைப் படிக்கிற இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நீ மெதுவாகப் படிக்கிறவன், எனக்கு அவசரமில்லை. படித்து முடித்ததும் முகம் கழுவ வேண்டாம், சட்டை மாற்ற வேண்டாம். இருக்கிறபடியே கதவைத் திற.

உன் அம்மா